வலிக்கும்போதே பாருங்கள்: டயாலிசிஸ் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

டயாலிசிஸ் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே முடிவெடுக்கும் சிறுநீரக மருத்துவர்களுக்கும்,

என் அக்காவுக்குச் சிகிச்சை அளித்த பிரிவிடம் எழுத்தில் ஒரு கோரிக்கை வைத்திருந்தேன். டயாலிசிஸுக்கு வருபவர்களின் தோலை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், தோலில் கடும் வலி என்று யாராவது சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு நடைமுறை வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது. கால்சிஃபிலாக்சிஸ் மிக அரிதான நோய் என்பதால் தனி நடைமுறை தேவையில்லை என்றது முதல் வாக்கியம். முன்பே கண்டுபிடித்திருந்தாலும், நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லாததால், முடிவு மாறியிருக்க வாய்ப்பில்லை என்றது இரண்டாவது. அதன் கீழே கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பதில் வேறு எந்தப் பிரிவிலிருந்தும் வந்திருக்கக்கூடும் என்பதால் உங்கள் எல்லோருக்குமே எழுதுகிறேன். அக்கா இறந்துவிட்டார். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது எதுவோ அதுதான் அவரையும் கொன்றது: புண்ணில் தொற்றி ரத்தத்தில் பரவிய கிருமி.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் படிப்பார்கள். அவர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலுக்கும் அதன் அடியிலிருக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் மிகச் சிறிய தமனிகளின் சுவரில் கால்சியம் படிகிறது. உள்சுவர் தடித்து, வழி குறுகி, கடைசியில் ஒரு சிறு ரத்தக்கட்டி வந்து அடைத்துவிடுகிறது. அதற்கப்பால் இருக்கும் கொழுப்பும் தோலும் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகின்றன. பெரும்பாலும் முதலில் வருவது வலி. அப்புறம் தோலில் வலைபோன்ற ஊதாத் திட்டு, அடியில் கெட்டியான முடிச்சு. அதன் பின் புண், புண்ணின் மேல் கருகிய பொருக்கு. கெண்டைக்காலிலும் விரல்களிலும் வரும். தொடை, அடிவயிறு, பிட்டம், மார்பு என்று கொழுப்பு அதிகமான இடங்களில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கட்டத்துக்கு வராத சிறுநீரக நோயாளிகளுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கும், எப்போதாவது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும்கூட வந்திருக்கிறது.

சரி, அரிது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ரத்த டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3.5 பேருக்கு இது வருகிறது என்று ஒரு பெரிய கணக்கு சொல்கிறது. ஜெர்மனியில் பத்தாயிரம் பேருக்கு 4 பேர் என்ற அளவில்தான் பதிவாகிறது. இவ்வளவு வித்தியாசத்துக்கு உடல்வாகு, மருந்து கொடுக்கும் முறை என்று பல காரணங்கள் இருக்கலாம். தேடுகிற இடத்தில்தான் அதிகம் அகப்படுகிறது என்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்கக் கணக்கை வைத்துப் பார்த்தால், நூறு பேருக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு பிரிவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த நோயைச் சந்திக்கும். நோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். சில ஆய்வுகளில் அது இன்னும் அதிகம்.

டயாலிசிஸ் இயந்திரத்திலிருந்து ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்து ஒருவருக்கு ஆபத்து நேர்வது இன்று மிக மிக அபூர்வம். அபூர்வம்தானே என்று அந்தக் காற்றைக் கண்டறியும் உணரியை உங்களில் யாரும் கழற்றிப் போட்டுவிடவில்லை. ஒவ்வொரு இயந்திரத்திலும் அது இருப்பதால்தான் ஆபத்து அபூர்வமாகியிருக்கிறது. எதற்கு நடைமுறை வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்து நீங்கள் வேறு எங்கும் முடிவு செய்வதில்லை. இதில் மட்டும் ஏன்?

அதோடு, யாருக்கு வேண்டுமானாலும் திடீரென்று வந்து விழும் நோயும் இல்லை இது. பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், பல ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவர்கள், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்கள், பாஸ்பரஸைக் குறைக்கக் கால்சியம் கலந்த மாத்திரையும் வைட்டமின் டி வகை மருந்தும் எடுப்பவர்கள், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் மிக அதிகமாகவோ மருந்தால் மிகவும் அடக்கப்பட்டோ இருப்பவர்கள், எல்லாவற்றுக்கும் மேல் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள். ஆபத்து யாருக்கு அதிகம் என்பது உங்கள் பாடநூல்களிலேயே இருக்கிறது. என் அக்காவுக்கு இதில் பெரும்பாலானவை இருந்தன. அவருடைய கோப்பின் முதல் பக்கத்தைப் படித்தாலே போதும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவுக்கு முதலில் வந்தது வலிதான். இரண்டு தொடைகளின் உட்பக்கத்திலும், போர்வை பட்டாலே பதறும் அளவுக்கு. வெளியே ஒன்றும் தெரியவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு முறையும் சொன்னார். டயாலிசிஸின்போது தசை இழுப்பது சகஜம் என்றார்கள். நீரிழிவால் வரும் நரம்பு வலி என்றார் இன்னொருவர். இரண்டுமே நடக்கக்கூடியவைதான், சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் தொடையைப் பார்க்கவில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஒரு நோயாளி உங்கள் கண்ணெதிரே இருக்கிறார். வேறு எந்த நாள்பட்ட நோய்க்கும் மருத்துவமனையோடு இவ்வளவு நெருக்கம் கிடையாது. எடை பார்க்கிறீர்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்கான ரத்தக்குழாய் இணைப்பு (ஃபிஸ்டுலா) இருக்கும் கையைத் தொட்டு, கேட்டு, உற்றுப் பார்க்கிறீர்கள். அந்தக் கையைத் தவிர உடம்பின் மற்ற பகுதி முழுவதும் துணிக்கும் போர்வைக்கும் அடியில் இருக்கிறது. நோய் வருவதோ அங்கேதான். பக்கத்து நாற்காலியில் ஆட்கள் இருக்கும்போது, ஆண் ஊழியர்கள் நடமாடும்போது, ஒரு பெண் தானாக உடையை விலக்கித் தொடையைக் காட்டமாட்டார். திரையை இழுத்துவிட்டு ஒரு பெண் செவிலியர் “காட்டுங்க அக்கா, பார்க்கலாம்” என்று கேட்டிருந்தால் காட்டியிருப்பார். கேட்கவில்லை.

பல வாரம் கழித்துத் தோல் தடித்தபோது ஒருவர் பார்த்தார். தோலில் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதினார். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, இரண்டு தொடையிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருந்தது. குறையவில்லை என்றதும் மருந்து மாறியது, யோசனை மாறவில்லை. ரத்தப் பரிசோதனையைக் காட்டி, கால்சியம் சரியாக இருக்கிறது, பாஸ்பரஸ் கொஞ்சம்தான் கூடுதல், பாராதைராய்டு ஹார்மோன் குறைவாகவே இருக்கிறது, ஆகவே கால்சியம் சம்பந்தப்பட்ட எதுவும் இருக்காது என்றார்கள். எண்கள் சரியாக இருந்தும் இந்த நோய் வரும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எண்களைப் பார்த்து நோயைச் சந்தேகிக்கலாம். எண்களைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊதா வலைத்திட்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கருத்த தோலில் அது ஊதாவாகத் தெரியாது. கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் அடர்பழுப்பு, அவ்வளவுதான். ஆனால் கை வைத்தால் தெரியும். அக்காவின் தொடையில் கை வைத்தபோது தோலுக்கடியில் பலகை வைத்ததுபோல் இருந்தது. கண்ணை மட்டும் நம்பாதீர்கள், தொட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

நோயின் பெயரை முதன்முதலில் சொன்னவர் தோல் மருத்துவர் ஒருவர். பார்த்த சில நிமிடத்திலேயே சொன்னார். அதன் பிறகு நடந்ததுதான் என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியாதது. திசுச் சோதனையில் உறுதியானால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்று ஒரு நிபந்தனை வந்தது. எடுத்த மாதிரியில் கொழுப்பே இல்லை, மேல்தோலோடு நின்றுவிட்டது. போதாத மாதிரி என்று அறிக்கை வந்தது. திரும்ப எடுத்தார்கள். இரண்டாவது மாதிரி எடுத்த இடம் ஆறவே இல்லை. அக்காவின் முதல் திறந்த புண் அதுதான்.

திசுச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரத்தக்குழாய் அழற்சி, கொழுப்புத் துணுக்குகள் அடைப்பது, வார்ஃபரினால் தோல் அழுகுவது, பையோடெர்மா கேங்கிரினோசம் என்ற புண்நோய் என்று இதைப்போலத் தோன்றும் நோய்கள் பல உண்டு. அவற்றுக்குச் சிகிச்சை வேறு. சந்தேகம் இருக்கும்போது, புண் ஆகாத கட்டத்தில், திட்டின் ஓரத்திலிருந்து, கொழுப்பு வரை ஆழமாக, பழகிய ஒருவர் எடுக்கலாம். கால்சியத்தைக் காட்டும் வான் கோசா சாயம் போட்டுப் பாருங்கள் என்று ஆய்வகத்துக்கும் முன்கூட்டியே எழுதி அனுப்பலாம். அப்படி எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஆனால் பல ஆண்டுகளாக டயாலிசிஸில் இருக்கும், வார்ஃபரின் எடுக்கும் ஒருவருக்கு இரண்டு தொடையிலும் தாங்க முடியாத வலியோடு இறுகிய திட்டுகள் இருக்கும்போது, தோலைக் குத்தி எடுத்துத்தான் நம்புவோம் என்பதில் என்ன நியாயம்? விரல்களிலும் ஆண்குறியிலும் தொற்று உள்ள புண்ணிலும் எடுக்கவே கூடாது என்று நிபுணர்களே எழுதியிருக்கிறார்கள். சாதாரண எக்ஸ்-ரேயில் தோலுக்கடியில் மெல்லிய வலைபோலக் கால்சியம் தெரிந்தால் அது வலுவான தடயம். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

இந்தக் காத்திருப்பு முழுவதும் வார்ஃபரின் தொடர்ந்தது. இதயத் துடிப்புக் கோளாறுக்காகக் கொடுத்த மருந்து அது. நோயின் பெயர் தெரிந்த பிறகும் இதய மருத்துவர் சிறுநீரக மருத்துவரைக் கேட்கச் சொன்னார், சிறுநீரக மருத்துவர் இதய மருத்துவரைக் கேட்கச் சொன்னார். கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன, அக்கா தினமும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் தடுக்கும் புரதம் ஒன்று உடம்பிலேயே இருக்கிறது, மேட்ரிக்ஸ் கிளா புரதம். அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் தடுப்பது அந்த வைட்டமின் கேயைத்தான். ஜெர்மனியில் இந்த நோய்க்கென்றே நடத்தப்படும் பதிவேட்டில் 253 நோயாளிகளின் விவரத்தை அலசியபோது, ஏறக்குறைய பாதிப் பேர் நோய் வருமுன் வார்ஃபரின் வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அபிக்சபான் போல மாற்று இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது என்பது தெரியும். யோசித்து முடிவெடுக்க இருவர் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசினால் போதும் என்றுதான் சொல்கிறேன். (இதைப் படிக்கும் வீட்டாருக்கு: இதைக் காட்டி நீங்களே வார்ஃபரினை நிறுத்திவிடாதீர்கள். பக்கவாதம் வரலாம். மருத்துவரிடம் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள்.)

இன்சுலினையும் அக்கா அதே தொடையிலும் வயிற்றிலும்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஊசி குத்தும் இடத்தில் தோலுக்கு நேரும் சிறு காயமும் இந்த நோயைத் தூண்டலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இடத்தை மாற்றுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

வலியைப் பற்றி நான் எழுதுவதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். நரம்பும் வலிக்கிறது, ரத்தமில்லாத சதையும் வலிக்கிறது. சாதாரணப் புண்ணின் வலியோடு இதைச் சேர்க்க முடியாது. கட்டு மாற்றும் நாள் என்றால் அக்கா முந்தைய இரவே தூங்கமாட்டார். பாரசிட்டமால் கொடுத்தார்கள். அப்புறம் டிரமடால். அப்புறம் மார்ஃபின். மார்ஃபின் உடம்பில் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அவை தேங்கிவிடும். அக்காவுக்குக் கை கால் தூக்கித் தூக்கிப் போட்டது, பேச்சு குழறியது, எங்களில் யார் யார் என்றே தெரியவில்லை. கிருமி மூளைக்குப் போயிருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். மருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் வலி நிவாரணப் பிரிவிலிருந்து வந்த மருத்துவர். அவரை அழைத்ததே கிட்டத்தட்ட கடைசியில்தான். அதற்கு முன் நாங்கள் கேட்டபோது, இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்றார்கள். வலி நிவாரணம் என்றால் கைவிடுதல் என்று மருத்துவர்களே நினைத்தால் நோயாளி யாரிடம் போவார்?

அவர் வந்து ஃபென்டனிலுக்கு மாற்றினார். கட்டு மாற்றுவதற்கு முன் சிறிதளவு கெட்டமின் கொடுக்க ஏற்பாடு செய்தார். நரம்பு வலிக்கான மருந்தைச் சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்தார். புதிதாகக் கண்டுபிடித்த எதையும் அவர் கொண்டுவரவில்லை, எல்லாமே அதே கட்டடத்தில் இருந்த மருந்துகள். அன்று இரவு அக்கா தூங்கினார். அவரைக் காப்பாற்ற முடியாது என்பது அப்போது எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் அந்தத் தூக்கம் எங்களுக்குப் பெரிய விஷயம். அதை ஏன் முதல் வாரத்திலேயே கொடுக்க முடியவில்லை?

இப்போது உங்கள் இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன், நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை என்பதற்கு. உண்மைதான், மறுக்கவில்லை. சயனைடு விஷமுறிவாகப் பயன்பட்ட சோடியம் தயோசல்ஃபேட்டை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்த முதல் அறிக்கை 2004இல் வந்தது. அன்றிலிருந்து அதுதான் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. வழக்கமாக டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் 25 கிராம், உடல் எடை குறைந்தவர்களுக்கு அதில் பாதி. குமட்டல் வரும், ரத்தத்தில் அமிலம் கூடும். அக்காவுக்கும் கொடுத்தார்கள். அண்மையில் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, அது புண்ணை ஆற்றுகிறது என்றோ உயிரைக் காக்கிறது என்றோ தெளிவாகக் காட்ட முடியவில்லை. ஹெக்ஸாசோடியம் ஃபைடேட் என்ற புதிய மருந்தை மூன்றாம் கட்ட ஆய்வு வரை கொண்டுபோனார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் புண்ணும் வலியும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. மருந்துக்கு அது தோல்வி. ஆனால் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. போலி மருந்து பெற்றவர்களும் தேறியிருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு, ஒவ்வொரு வருகையிலும் யாரோ ஒருவர் புண்ணை அளந்திருக்கிறார், வலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அதுவே காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. காரணமாக இருக்கவே முடியாது என்று நீங்களும் சொல்ல முடியாது.

புண் ஆகுமுன் பிடிப்பதற்கும் ஆன பிறகு பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. 2002இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், புண் ஆகாத நிலையில் இருந்தவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 33 விழுக்காடு. புண் ஆனவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல். சிறிய ஆய்வுதான், பழையதும்கூட. அப்படியே வைத்துக்கொண்டாலும், முன்பே கண்டுபிடித்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று அத்தனை உறுதியாக எழுதிக் கையெழுத்துப் போட உங்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? வராமல் தடுப்பதிலும் தடயங்கள் இருக்கின்றன. 3,800க்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடந்த எவால்வ் ஆய்வில் இந்த நோய் போலி மருந்து எடுத்தவர்களில் 18 பேருக்கும், பாராதைராய்டு ஹார்மோனைக் குறைக்கும் சினகால்செட் எடுத்தவர்களில் 6 பேருக்கும் வந்தது.

மருந்து இல்லாத நோயில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் எடை கூடுகிறது. வார்ஃபரினை மாற்றுவது, கால்சியத்தைக் குறைப்பது, டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டுவது, புண்ணை மென்மையாகச் சுத்தம் செய்வது, புரதம் குறையாமல் பார்ப்பது, வலியை அடக்குவது. இதில் எதற்கும் யாருடைய கண்டுபிடிப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அக்காவின் விஷயத்தில் இவை அத்தனையும் நடந்தன என்பதுதான் கொடுமை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேறு வேறு ஆட்களால், நேரம் போன பிறகு நடந்தது. அறுவை மருத்துவர் அகலமாக வெட்டி எடுக்க வேண்டும் என்றார், புண் பராமரிப்புச் செவிலியர் வெட்டினால் ஓரம் மேலும் கருகும் என்றார். யார் சொல்வதைக் கேட்பது என்று எங்களிடம் கேட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது ஒரே ஒரு முறை, அதுவும் ரத்தத்தில் கிருமி பரவிய பிறகு.

ஆகவே நான் கேட்பது இவை.

மாதம் ஒருமுறை, ரத்தம் எடுக்கும் அதே நாளில், திரைக்குப் பின்னால், நோயாளி விரும்பும் பாலினத்தைச் சேர்ந்த செவிலியர் தொடை, வயிறு, பிட்டம், மார்பு, கால்கள், விரல்கள் ஆகியவற்றைப் பார்த்தும் தொட்டும் குறித்து வைக்க வேண்டும். எல்லோருக்கும் முடியாது என்றால் மேலே சொன்ன ஆபத்துகள் உள்ளவர்களுக்காவது. பத்து நிமிட வேலை.

தோலில் புதிதாகக் கடும் வலி என்று ஒருவர் சொன்னால், அந்த டயாலிசிஸ் முடிந்து அவர் எழுந்து போகுமுன் ஒரு மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அடுத்த மருத்துவர் வருகை வரட்டும் என்பதெல்லாம் வேண்டாம்.

சந்தேகம் எழுந்த அன்றே செய்ய வேண்டியவற்றை ஒரே தாளில் எழுதி நாற்காலிகளுக்கு அருகில் வைத்துவிடுங்கள். வார்ஃபரின் பற்றி இதய மருத்துவரிடம் அன்றே பேசி, முடிவு யாருடையது என்று எழுதுவது. கால்சியம் மாத்திரைகளையும் வைட்டமின் டி வகை மருந்துகளையும் நிறுத்தலாமா என்று பார்ப்பது. டயாலிசிஸ் திரவத்தின் கால்சிய அளவையும் டயாலிசிஸின் நேரத்தையும் திரும்பப் பார்ப்பது. ஊசி போடும் இடத்தை மாற்றுவது. தோல் மருத்துவர், புண் பராமரிப்புச் செவிலியர், உணவு ஆலோசகர் ஆகியோரை அழைப்பது. திசுச் சோதனை தேவையா என்று இவர்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஆனால் தெளிவான அறிகுறிகள் உள்ளவருக்கு அதை ஒரு நிபந்தனையாக வைக்காதீர்கள். இந்த எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு மருத்துவரின் பெயர் கோப்பில் இருக்க வேண்டும். குடும்பத்தார் கேள்வி கேட்க ஒரே ஆள் போதும், ஆனால் அந்த ஒருவர் இருக்க வேண்டும்.

வலி நிவாரணப் பிரிவை முதல் வாரத்திலேயே அழையுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மார்ஃபினும் கோடீனும் கூடாது என்பதை உங்கள் மருந்துப் பட்டியலிலேயே எச்சரிக்கையாகப் பதியுங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அது நினைவில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். மருந்து ஏறி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கட்டைப் பிரிக்க வேண்டும்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு வார்ஃபரின் தொடங்கும் நாளில், இப்படி ஒரு நோய் உண்டு, தோலில் வலியோ கெட்டியான திட்டோ வந்தால் உடனே சொல்லுங்கள் என்று வாயால் சொல்லி, தாளிலும் எழுதிக் கொடுங்கள். பயமுறுத்துவது ஆகும் என்று சிலர் சொல்லக்கூடும். அக்காவிடம் யாராவது சொல்லியிருந்தால், கெட்டியான திட்டை அவரே முதலில் கண்டுபிடித்திருப்பார்.

கடைசியாக, ஒவ்வொரு நோயாளியையும் கணக்கில் கொண்டுவாருங்கள். பதிவேடு இருக்கும் இடத்தில் அதில் சேருங்கள், இல்லாத இடத்தில் உங்கள் சங்கங்கள் தொடங்கட்டும். பீட்-கால்சி போன்ற பன்னாட்டு ஆய்வுகளில் உங்கள் பிரிவு சேர முடியுமா என்று விசாரியுங்கள். நிரூபணம் இல்லை என்று சொல்கிறவர்கள் அதை உண்டாக்கும் வேலையிலும் பங்கெடுக்க வேண்டும்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், மாட்டீர்கள் என்றால் ஏன் என்பதை எழுதி, உங்கள் பிரிவின் அறிவிப்புப் பலகையில் நோயாளிகள் படிக்கும்படி ஒட்டுங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவரின் தங்கை